டாக்டரம்மா பேசும் காட்சி

நான் கட்டிக்கொள்வதாக இருந்தவருக்கு ஒரு கிறுக்கு உண்டு. யாரும் சீந்தாத பழைய ‘காலைக் காட்சி’ கவர்ச்சிப் படங்களைத் தேடிப் பிடித்துப் பார்த்துச் சிரிப்பார். அவர் வேலை பார்க்கும் மாதாப்பூர் ஆபீசில் இதற்கென்றே ஒரு கூட்டம் உண்டு. கல்யாணத் தேதி குறிக்க அவருடைய அப்பாவும் அம்மாவும் கோயம்புத்தூரிலிருந்து எங்கள் ஹப்சிகுடா வீட்டுக்கு வந்த அன்றும் மனிதருக்குக் கை சும்மா இருக்கவில்லை. சாப்பாடு முடிந்ததும் டிவியில் ஒன்றைப் போட்டுவிட்டார்.

தெலுங்கிலிருந்து தமிழுக்கு மாற்றிய படம். நடுவில் வெள்ளைக் கோட்டு போட்ட டாக்டரம்மா ஒருத்தி தாம்பத்தியப் பாடம் எடுக்கிறாள். சென்சாரைச் சமாளிக்க இப்படி ஒரு டாக்டரைச் செருகுவது அந்தப் படங்களின் வழக்கம். அவள் வாய் திறந்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அது என் அம்மாவின் குரல்.

அப்பா போன பிறகு பேகம்பேட்டில் ஒரு சின்ன ஸ்டுடியோவில் இந்த மாதிரிப் படங்களுக்குத் தமிழில் குரல் கொடுத்துத்தான் அம்மா என்னை வளர்த்தாள். டாக்டருக்கும் அவள்தான், படுக்கையறையில் முனகுகிறவளுக்கும் அவள்தான். கல்யாணம் முடியும்வரை இதைப் பற்றி மூச்சு விடுவதில்லை என்று நானும் அம்மாவும் பேசி வைத்திருந்தோம்.

“ஆஃப் பண்ணுங்க, ப்ளீஸ்” என்றேன்.

“ரெண்டு நிமிஷம் இரு. இந்த டாக்டர் செம காமெடி.”

டாக்டரம்மா சொன்னாள்: “மனைவிக்கு விருப்பம் இல்லாதபோது கணவன் அவளைத் தொடக் கூடாது. தாலி கட்டிவிட்டால் மட்டும் அந்த உரிமை வந்துவிடாது.”

எனக்கு அத்தையாகப் போகிற அவருடைய அம்மா திரையைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிற குரல், தெரியாமல் போகுமா?

“ஏனுங்க, இது உங்க கொரலுங்களா?”

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை.

“ஹவ், ஆமா, நான்தான். இது மட்டும் இல்லீங்க, அசிங்கமா வர்ற எடத்துக்கும் நான்தான் பேசினேன்.”

எனக்கு அவள்மேல் ஆத்திரமாக வந்தது. பெருமையாகவும் இருந்தது.

மாமா எழுந்திருக்கப் பார்த்தார். அத்தை விடவில்லை.

“நீங்க அப்பெல்லாம் ஞாயித்துக்கெழமையானா காலைக் காட்சிக்குப் போவீங்கல்லங்க? இந்தம்மா சொன்னத ஒரு நாளாவது வீட்ல வந்து சொன்னீங்களா?”

மாமா தரையைப் பார்த்தபடி முனகினார். “டாக்டர் வந்தா எல்லாரும் வெளிய போயி சிகரெட் புடிப்போம்.”

யாரும் சிரிக்கவில்லை. அவர் மகன்கூட ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டார். அத்தை எழுந்து வந்து அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“கண்ணு, அந்த டாக்டரம்மா பேசறத மொதல்லருந்து போடு. இன்னைக்காவது உங்கப்பா உக்காந்து கேக்கட்டும்.”