கத்தத் தெரியாத மகள்

பிரசவ வார்டில் அவளுக்கு 'உஷ்' என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது, கூப்பிடத்தான் ஆள் இல்லை. பிள்ளை பெற வந்தவள் வாயைத் திறந்தால் போதும், வார்டின் எந்த மூலையிலிருந்தும் அந்த 'உஷ்' பறந்து வரும். "என்ன, ஊர் உலகத்துல யாரும் பெக்காததையா பெக்கற? வாயை மூடு!" அவள் அங்கே ஆயா. நான் அதே ஆஸ்பத்திரியில் துணி துவைக்கும் பிரிவு. அழுக்குத் துணி எடுக்க வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும்போதெல்லாம் இதைக் கேட்டுக் கேட்டு என் காது புளித்துப்போயிற்று.

அவள்மேல் எனக்குப் பெரிய பிரியம் கிடையாது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அவள் காதைக் குறை சொல்ல முடியாது. எங்கள் ஆஸ்பத்திரிக்குப் பல பாஷைக்காரிகள் வருவார்கள். ஒருத்தி புருஷனின் பரம்பரையையே இழுத்துத் திட்டுவாள். ஒருத்தி கடவுளைக் கூப்பிடுவாள், ஒருத்தி இழுத்து இழுத்து முனகுவாள். வலி என்னவோ எல்லாருக்கும் ஒன்றுதான். அதை எப்படிச் சொல்வது என்பதைத்தான் அவரவர் வீட்டில் பழகிக்கொண்டு வருகிறார்கள். நானே 'ஐயோ அம்மா' என்றுதான் கத்திப் பெற்றேன். யார் எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்தார்கள்? உஷ் அக்கா முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பாள். குரலை மட்டும் கேட்டுவிட்டு, "ஜன்னலோரக் கட்டிலைப் பாருங்க சிஸ்டர், தலை இறங்கிடுச்சு" என்பாள். சிஸ்டர்கள் போய்ப் பார்த்தால் அப்படித்தான் இருக்கும். அதனால் அவள் சொன்னால் வார்டில் மறுபேச்சு இல்லை.

அவளுக்கு ஒரே மகள். புருஷன் குழந்தை தவழுமுன்பே கம்பி நீட்டிவிட்டான். வாடகை அறையில் கைக்குழந்தையோடு இருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் வீட்டுக்காரர் படுக்கை. குழந்தை அழுகிறது என்று சொல்லியே ஒரு அறையைக் காலி செய்ய வைத்தார்கள், அப்புறம் இன்னொன்றையும். அடுத்ததும் போனால் தெருதான். அவள் என்ன செய்தாள் தெரியுமா? குழந்தை அழுதால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அழுகையை நிறுத்தினால்தான் தூக்குவாள். குழந்தைகள் கெட்டிக்காரர்கள். அது சீக்கிரமே பிழைக்கும் வழியைக் கற்றுக்கொண்டது.

பள்ளிக்கூடம் போகிற வயதில் ஒருநாள் இஸ்திரிப் பெட்டியில் கையைச் சுட்டுக்கொண்டது. தோல் உரிந்து தொங்குகிற கையைத் தூக்கிக்கொண்டு வந்து, "அம்மா, கை ஒரு மாதிரி இருக்கு" என்றதாம். இதை உஷ் அக்கா கேன்டீனில் உட்கார்ந்து பெருமை பீற்றினாள். எல்லோரும் சிரித்தார்கள். பல் பிடுங்கியபோதும், மாடிப்படியில் உருண்டு கால் வீங்கியபோதும் அந்தப் பெண் சொன்னது அதே 'ஒரு மாதிரி இருக்கு'தான். அவளிடம் வேறு வார்த்தையே இல்லை. காலில் கட்டோடு வந்தபோது நான் கேட்டேன், "வலிக்கலையாடி?" கணக்கு கேட்ட மாதிரி ரொம்ப நேரம் யோசித்தாள். "தெரியல அத்தை. என்னவோ இருக்கு. அது வலியான்னு தெரியல." வாயிலிருந்து பிடுங்கினதை மனசிலிருந்தும் பிடுங்கிவிட்டாளே இந்தப் பாவி!

அந்தப் பெண்ணுக்குக் கல்யாணமாகி, வெகுநாள் கழித்து வயிற்றில் ஒன்று தங்கியது. உஷ் அக்காவைப் பிடிக்க முடியவில்லை. துணிப் பிரிவுக்கு வந்து, "மெத்துனு இருக்கற துணியா நாலு எடுத்து வையி, என் பேரனுக்கு" என்று என்னிடமே கெஞ்சினாள். அவள் கெஞ்சி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. நாள் நெருங்கியதும் மகளைத் தானே கூட்டிக்கொண்டு வந்து படுக்க வைத்தாள். வார்டு நிரம்பி வழிந்தது. "நம்ம பொண்ணு தொந்தரவு பண்ண மாட்டா சிஸ்டர், மத்தவங்களைப் பாருங்க" என்றாள்.

நான் வண்டியோடு போனபோது அந்தப் பெண் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். முகமெல்லாம் வேர்வை, உதடு வெளுத்திருந்தது. "என்னம்மா செய்யுது?"

"ஒரு மாதிரி இருக்கு அத்தை."

வயிற்றில் கை வைத்தேன். கல்லாக இருந்தது, பிரசவ வலிபோல விட்டு விட்டு இறுகவில்லை, அப்படியே நின்றது. உஷ் அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவள் வழக்கம்போல முதுகைத் திருப்பி நின்று காது கொடுத்தாள். "வலி வந்தா குரல் வரும். இன்னும் வரல. நீ போய் உன் துணியப் பாரு."

சிஸ்டரிடம் ஓடினேன். வேறொருத்திக்குப் பிள்ளை பாதி வெளியே வந்திருந்தது, சிஸ்டர் கையை எடுக்க முடியாது. அங்கிருந்தே உஷ் அக்காவைப் பார்த்தாள். உஷ் அக்கா 'அவசரமில்லை' என்று தலையை ஆட்டினாள். அதோடு போயிற்று.

அந்தப் பிரசவத்தை முடித்துவிட்டு சிஸ்டர் வந்து கருவியை வைத்துத் தேடியபோது குழந்தையின் துடிப்பு இல்லை. நஞ்சுக்கொடி உள்ளேயே பிரிந்து, ரத்தம் வெளியே ஒரு சொட்டு வராமல் வயிற்றுக்குள் கட்டியிருந்தது. ஆண் குழந்தைதான். தாயைக் காப்பாற்றக் கர்ப்பப்பையையும் எடுத்துவிட்டார்கள். அந்தத் துணிகளை நான்தான் துவைத்தேன்.

கண் விழித்ததும் டாக்டரம்மா கேட்டாள், "இந்த வலிக்குப் பயில்வானே தரையில உருளுவானே. நீ ஏம்மா கத்தல?"

"அம்மா வேலை பாக்கற இடமாச்சே டாக்டர்."

டாக்டரம்மா வெளியே போய்விட்டாள். உஷ் அக்கா மகளின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "அழுடி! வாய்விட்டு அழு! யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்கடி."

அந்தப் பெண் அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். "எப்படிம்மா?"

மருமகன் வந்து கூட்டிக்கொண்டு போனான். அப்புறம் அவள் இந்தப் பக்கம் வரவில்லை, போனும் பண்ணவில்லை. உஷ் அக்கா லீவு முடிந்து வேலைக்கு வந்தாள். ஆள் பாதியாக இளைத்திருந்தாள். இனிமேலாவது திருந்துவாள் என்று எல்லோரும் நினைத்தோம். ஒரு சின்னப் பெண் கட்டிலில் துடித்துக் கத்தியதும் வார்டே அவளைப் பார்த்தது.

"உஷ்! வாயை மூடு!"

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. வண்டியை அப்படியே விட்டுவிட்டு அவளை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனேன். "இவ்வளவு ஆனப்புறமும் உனக்குப் புத்தி வரலையா? நீயெல்லாம் மனுஷிதானா?"

அவள் என் கையை விலக்கவில்லை. மெதுவாகத்தான் பேசினாள். "இப்ப நான் நிறுத்திட்டா, இத்தனை வருஷம் நான் பண்ணது தப்புன்னு ஆயிடும். அப்ப என் பேரன நான்தான் கொன்னேன்னு ஆயிடும். அதை வெச்சுக்கிட்டு நான் எப்படி உயிரோட இருக்கறது, நீயே சொல்லு."

உள்ளே அந்தச் சின்னப் பெண் மறுபடி அலறினாள். உஷ் அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அவளை அடக்கப் போனாள்.