நல்லையா வீட்டுக் கூடம்

ரங்கூனில் பசுந்தாங் ஓடையோரம் நல்லையா வீடு கட்டியபோது, அவன் பெண்டாட்டி தைலம்மாளுக்குப் பெருமை கொஞ்சநஞ்சமல்ல. பலகை வீடுதான். ஆனால் முன்னால் விசாலமான கூடம், அதை ஒட்டி உள்ளறை, பின்னால் அடுப்படி. மகள் கமலாட்சியின் கல்யாணப் பந்தியே அந்தக் கூடத்தில்தான் நடந்தது. ரங்கூனுக்குப் பிழைக்க வந்தவர்களுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

நல்லையா அரிசி ஆலையில் மேஸ்திரி. கப்பலில் வந்திறங்கிய ஊர்க்காரன் செல்லையா படுக்க இடமில்லாமல் நின்றான். மனசு கேட்காமல் நல்லையா கூடத்தில் ஒரு மூலையைப் பலகை அடித்து அவனுக்குக் கொடுத்தான். அடுத்து, துறைமுகத்தில் மூட்டை தூக்கும் கபீர் வந்தான். அதற்கப்புறம் இரக்கம் வாடகையாக மாறிவிட்டது, வேறென்ன! கப்பலுக்குக் கப்பல் ஒரு தடுப்பு. கூடம் போனது, உள்ளறையும் போனது. ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதையாக, வீட்டுக்காரர்கள் அடுப்படிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். முன்வாசலுக்குப் போக மிஞ்சியது, ஓர் ஆள் ஒருக்களித்து நடக்கும் சந்துதான்.

தலைப்பிரசவத்துக்கு வந்த கமலாட்சி அடுப்புப் புகையில் ஒரு ராத்திரி முழுக்க இருமிவிட்டு, மறுநாளே கியாக்தானுக்கு, மாமியார் வீட்டுக்கே திரும்பிவிட்டாள். அன்றுதான் தைலம்மாள் வாய்விட்டுக் கேட்டாள்.

"எல்லாருக்கும் இடம் குடுத்தீங்க. நமக்கு எங்கேங்க இடம்?"

"அடுத்த வருசம் எல்லாத்தையும் பிரிச்சிரலாம்டி" என்றான் நல்லையா.

அடுத்த வருசம் மழைக்காலத்தில் விஷக்காய்ச்சல் கண்டு, அந்த அடுப்படியிலேயே செத்துப்போனான் பாவி மனுசன்.

செத்தவரைக் கூடத்தில் தெற்கே தலைவைத்துக் கிடத்த வேண்டும். முன்வாசல் வழியாக எடுக்க வேண்டும். கூடத்துக்கு எங்கே போவது? அவன் கையாலேயே அடைத்த சந்தில் அவனைத் தூக்கித் திருப்ப முடியவில்லை.

"பின்வாசல் வழியா எடுத்துருவோமா மதினி?" என்று செல்லையா தயங்கித் தயங்கிக் கேட்டான்.

தைலம்மாள் வெடித்துவிட்டாள். "மலம் அள்ளுற வாளி போற சந்து வழியாவா? இது அவரு கட்டின வீடுடா! கூடத்துல கிடத்தாம என் புருசனை எடுக்க விடமாட்டேன்."

கபீர் கடப்பாரையை எடுத்து, தன் தடுப்பைத்தான் முதலில் பெயர்த்தான். பிறகு மற்றவர்களும் கைவைத்தார்கள். பெட்டியும் பாயும் மழையில் தெருவுக்குப் போயின. கூடம் இத்தனை பெரிது என்பது அவளுக்கே மறந்து போயிருந்தது. நடுவில் புருஷனைக் கிடத்தி, தலைமாட்டில் விளக்கேற்றி, தெருவே கேட்க அழுதாள். நல்லையா மானமாக முன்வாசல் வழியாகவே போனான்.

சுடுகாட்டிலிருந்து திரும்பியவர்கள் நனைந்தபடி படியில் நின்றார்கள். போக்கிடம் இருந்தால் போயிருக்க மாட்டார்களா? கடைசியில் தைலம்மாளே சொன்னாள்.

"எவ்வளவு நேரம் நனைவீங்க? பலகையை அடிச்சுக்கிடுங்க."

கருமாதி வரைக்கும் கிடத்திய இடத்தில் விளக்கு எரிய வேண்டும். மறுநாள் பொழுது சாயும் நேரம், எண்ணெய்க் கிண்ணத்தோடு சந்தில் ஒருக்களித்து வந்தாள். திரும்ப அடித்ததில், புருஷன் கிடந்த இடம் செல்லையாவின் தடுப்புக்குள் போயிருந்தது. அவள் சாக்குத் திரைக்கு வெளியே நின்று தொண்டையைச் செருமினாள்.

"தம்பி, உள்ளே வரலாமா?"