வயிறு கடைசியாகத்தான் இறங்கும்

ரெம்பியாவில் என் வீட்டு முன் ஹாலில்தான் தையல் மெஷின் இருக்கிறது. பக்கத்து இழுப்பறையில் வாடிக்கைக்காரர்களின் அளவு எழுதிய நோட்டு. அதில் ஒரு பக்கத்தை நான் இப்போது திறப்பதில்லை.

ஐம்பத்திரண்டு வயதில் எனக்கு மாதவிடாய் நின்றது. அதோடு உடம்பு என் பேச்சைக் கேட்பதும் நின்றது. தைத்துக்கொண்டிருக்கும்போதே கழுத்திலிருந்து குப்பென்று சூடு ஏறும். பட்டுத்துணியில் வியர்வை சொட்டிவிடுமோ என்று பயந்து எழுந்துபோய் ஃபேனுக்கு அடியில் நிற்பேன். தூக்கம் போனது, இடுப்பு பெருத்தது. ரவிக்கையின் இரண்டு பக்கமும் உள்ளே ஓர் அங்குலம் துணி மடித்துவிட்டுத்தான் தைப்போம். உடம்பு போட்டால் தையலைப் பிரித்து அந்தத் துணியை விட்டுக்கொள்ளலாம். எங்கள் வயதுக்காரிகளுக்கு அந்த ஓர் அங்குலம் எந்த மூலைக்கு?

என் சிநேகிதிக்கும் அதே பாடுதான். ஆயர் குரோவில் ஆபிஸ் வேலை, என்னைவிட ஒரு வயது மூத்தவள், அதனால் எனக்கு அக்கா. உடம்பைக் குறைக்க இருவரும் வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினோம். இரவில் சோறு இல்லை, பால் டீயான தே தாரிக் இல்லை. கிளேபாங் கடற்கரைப் பக்கம் போனாலும் கோக்கனட் ஷேக் கடையைத் திரும்பிப் பார்ப்பதில்லை. மாலையில் எங்கள் தாமான் குடியிருப்பைச் சுற்றி நடை. எடை பார்க்கும் மெஷினை அக்கா நம்பவில்லை.

"அது பொய் சொல்லும். உன் டேப்பு சொல்லாது லா," என்றாள்.

மாதம் ஒருமுறை இருவருக்கும் நானே அளந்து நோட்டில் எழுதினேன். மூன்றாம் மாதம் என் இடுப்பு கொஞ்சம் இறங்கியது. அக்காவுக்கு ஏறியிருந்தது. ஆனால் கை சுற்றளவு அரை அங்குலம் குறைந்திருந்தது.

"ரெண்டு வாய் சாப்பிட்டாலே போதும்னு இருக்கு. அப்புறம் ஏன் வயிறு மட்டும் இப்படி?" என்று கேட்டாள்.

"கை இறங்கிருச்சு பாருங்கக்கா. மேலேர்ந்துதான் இறங்கும். வயிறு கடைசியாத்தான் இறங்கும்."

இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. முப்பது வருஷம் பெண்களை அளந்த திமிர் பேசியது.

அடுத்த மாதம் கை இன்னும் அரை அங்குலம் போனது. தோள் எலும்பு டேப்புக்கு அடியில் தட்டுப்பட்டது. வயிற்றைச் சுற்றி இழுத்தேன். கொழுப்பு என்றால் விரலுக்கு அமுங்கும்; இது அமுங்கவில்லை. என் விரலுக்கு அப்போதே தெரிந்தது, வாய்தான் ஒத்துக்கொள்ளவில்லை. நடக்கப்போனால் பாதியில் டாய்லெட்டுக்குத் திரும்பினாள். "வயசுக்கா, எனக்கும் அப்படித்தான்," என்றேன். எனக்கு அப்படி இல்லை. ஆறுதலுக்காகச் சொன்ன பொய்.

அவள் ஜெயித்துக்கொண்டிருப்பதாக நினைத்து இன்னும் ஒரு சுற்று கூட நடந்தாள். நான் அவள் ரவிக்கையின் பக்கங்களைப் பிரித்துவிட்டு, கைகளை மட்டும் உள்ளே பிடித்துத் தைத்துக் கொடுத்தேன். ஒரே ரவிக்கையில் இரண்டையும் அதற்குமுன் நான் செய்ததே இல்லை. ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு தைத்துவிட்டேன்.

ஐந்தாம் மாதம் ஆபிசில் மயங்கி விழுந்தாள். சினைப்பையில் கட்டி, வயிறு முழுக்க நீர், பரவியும்விட்டது என்றார்கள்.

நீரை எடுத்த மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அக்கா போர்வையை விலக்கிக் காட்டினாள்.

"நீ சொன்ன மாதிரியே கடைசியா இறங்கிருச்சு பாரு."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். குத்திக்காட்டும் ஆள் இல்லை அவள். குத்திக்காட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அடுத்த மாதம் அவள் மகளுக்குக் கல்யாணம். "இந்த அளவுக்கே ஒரு பிளவுஸ் தைச்சிரு லா. ஒல்லியா இருக்கும்போதே போட்டுக்கறேன்," என்றாள். கட்டிலிலேயே அளந்தேன். நீர் மறுபடியும் ஊறும், இனி ஊறிக்கொண்டேதான் இருக்கும் என்று அவள் மகள் வராந்தாவில் என்னிடம் சொல்லியிருந்தாள். அக்காவுக்கு மட்டும் சொல்லவில்லை.

அவள் வீட்டுக்கு வந்த பிறகு ரவிக்கையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். போட்டுப் பார்த்தாள், கச்சிதமாக இருந்தது. முகம் மலர்ந்துவிட்டது. கழற்றி, தையல் பார்ப்பதற்காக உள்பக்கம் திருப்பினாள். பக்கத் தையல் மேல் போன விரல் ஓரிடத்தில் நின்றது. ஓர் அங்குலம் இருக்கவேண்டிய இடத்தில் நான்கு அங்குலம் துணி மடித்துவிட்டிருந்தேன்.

"இவ்வளவு துணியா உள்ள விட்டிருக்க?"

நான் தரையைப் பார்த்தேன். என் கழுத்தில் சூடு ஏறியது. அது வயதின் சூடு இல்லை.

அக்கா ரவிக்கையை நேராக்கி, மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"பிரிச்சு விட நீயே வந்துரு," என்றாள். "என் மக கையில கொடுக்காத. அவளுக்குத் தெரியவேணாம்."