கம்பத்தின் கீழே நிற்க ஓர் ஆள்

1. திங்கட்கிழமை: திண்டிவனம் மின் பிரிவின் உதவிப் பொறியாளர் நூர்ஜஹான் மாரடைப்பால் இறந்த செய்தி விழுப்புரம் அலுவலகத்துக்கு வந்தது. இரங்கல் கூட்டத்துக்கு மேலதிகாரிக்கு நேரமில்லை.

2. புதன்கிழமை: நூர்ஜஹான் தம் பிரிவில் ஏற்படுத்தியிருந்த, லைன் வேலையின்போது ஊர்க்காரர் ஒருவரைக் கீழே நிறுத்தும் காவல் முறையைக் கைவிடுமாறு மேலதிகாரியின் சுற்றறிக்கை வந்தது. காரணம், மின்தடை நேரம் நீள்கிறதாம்.

3. வெள்ளிக்கிழமை: பாதுகாப்புப் பிரிவிலிருந்து நான் எழுத்தில் கேட்ட விளக்கத்துக்கு வாய்மொழியாகப் பதில் வந்தது: "அந்தம்மா கொஞ்சம் எமோஷனல்."

இந்தச் செய்திமடலைப் படிக்கும் ஊழியர்கள் பலருக்கு அவரைத் தெரியும். அந்தக் காவல் முறை எப்படிப் பிறந்தது என்பது சிலருக்குத்தான் தெரியும்.

மயிலம் பக்கத்து ஊர் ஒன்றில், மின்சாரத்தை நிறுத்த டிரான்ஸ்பார்மரில் பியூஸ் கட்டைகளைப் பிடுங்கி வைத்துவிட்டு, தொலைவில் ஒரு கம்பத்தில் ஏறியிருந்தார் லைன்மேன் ஏழுமலை. மல்லாட்டைக்கு, அதாவது நிலக்கடலைக்கு, தண்ணீர் பாய்ச்சக் காத்திருந்த விவசாயி கோவிந்தன், பொறுமையிழந்து கட்டைகளைத் தாமே திரும்பச் செருகிவிட்டார். இடுப்புப் பெல்ட் இருந்ததால் ஏழுமலை கீழே விழவில்லை. வலது கை வெந்துபோனது.

போலீசில் புகார் கொடுக்க வேண்டும் என்று எல்லோரும் நின்றார்கள். நானும்தான். நூர்ஜஹான் முதலில் மருத்துவமனைக்குப் போய் ஏழுமலையைக் கேட்டார். வழக்கு வேண்டாம் என்றார் ஏழுமலை. பிறகு நூர்ஜஹான் கோவிந்தனின் மோட்டார் கொட்டகைக்குப் போனார். உடன் நானும் போனேன்.

"மேல ஆளு இருக்கறது தெரியாதா?"

"சத்தியமா தெரியாது மேடம். பயிரு காஞ்சிக்கினு கெடக்குது. எப்ப கரண்டு வரும்னு ஒருத்தரும் ஒரு வார்த்த சொல்லலியே."

திரும்பும் வழியில் அவர் சொன்னார்: "ஜெயிலுக்கு அனுப்பினா இந்த ஒருத்தர் பயப்படுவாரு சார். அடுத்த வயல்காரர் என்ன பண்ணுவாரு? விஷயம் தெரியாதவங்க கைதான் கட்டையத் தேடிப் போவுது."

ஏழுமலை வேலைக்குத் திரும்பியதும் அதே டிரான்ஸ்பார்மரடியில் இருவரையும் எதிரெதிரே நிறுத்தினார். கோவிந்தன் தலை நிமிரவில்லை.

"வாய்யா கோவிந்தா," என்றார் ஏழுமலை. "மல்லாட்டைய வறுக்கச் சொன்னா என்னப் போட்டு வறுத்துட்டியே!"

சிரிப்பு அடங்கியதும் நூர்ஜஹான் கோவிந்தனிடம் சொன்னார்: "இனிமே இங்க லைன் வேலைன்னா வேலிக்கு வெளியில நீங்கதான் காவல். ஏழுமலை எறங்கி வந்து உங்க முகத்தப் பாத்துச் சொல்ற வரைக்கும் ஒருத்தரும் கட்டையத் தொடக் கூடாது."

ஊருக்கு ஊர் இதையே செய்தார். எங்கே யார் அதிகம் சத்தம் போடுகிறாரோ, அவரையே காவலுக்குத் தேர்ந்தெடுத்தார். "கத்தறவருக்கு அவசரம் சார். வேலை எவ்வளவு நேரம் ஆகும்னு அவர் கிட்ட முதல்ல சொல்லிட்டா, மத்தவங்கள அவரே அடக்கிடுவாரு" என்பார். லைன்மேன் கையுறை போட்டால் கேலி செய்த ஊர்க்காரர்கள், கையுறை இல்லாமல் ஏறுபவரைக் கீழிருந்து திட்டத் தொடங்கினார்கள். பாதுகாப்புச் சுற்றறிக்கைகளை எழுதுவது என் வேலை. அவற்றில் ஒன்றும் இதைச் சாதித்ததில்லை.

நேற்று அதே ஊரில் பழுது. சுற்றறிக்கைக்குப் பணிந்து, ஏழுமலை யாரையும் அழைக்கவில்லை. கோவிந்தன் தாமாகவே வந்து நின்றார்.

"காவல் வேணாம்னு ஆர்டர் வந்துட்டுச்சுய்யா. வீட்டுக்குப் போ."

"ஆர்டர் உனக்குத்தான? எனக்கு எவன் போட்டான்? நீ ஏறு, நான் நிக்கிறேன்."

ஏழுமலை இதைத் தொலைபேசியில் சொன்னபோதுதான், இந்த வாரத்தில் முதன்முறையாக, நாம் எல்லாவற்றையும் இழந்துவிடவில்லை என்று தோன்றியது.

தவறு செய்தவரைக் கண்டால் தண்டனைக்கு முன் அவருக்கு என்ன பொறுப்பைக் கொடுக்கலாம் என்று யோசிப்பது: நூர்ஜஹானிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இதுதான். எனவே மேலதிகாரி அவர்களுக்குத் தண்டனை எதையும் கோரவில்லை. அவர், சுற்றறிக்கையைத் திரும்பப் பெற்றுவிட்டதாகவோ, அடுத்த முறை ஏழுமலை கம்பம் ஏறும்போது தாமே நேரில் வந்து கீழே காவல் நிற்பதாகவோ, இரண்டில் ஒன்றை, வரும் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் எழுத்தில், கையொப்பத்துடன் தெரிவிக்க வேண்டும்.