ஒட்டு எங்கேன்னு கேட்ட தொரை

இரும்ப அடிச்சுப் பொழைக்கிற கூட்டாளிகளே, நம்ம வேலை கெட்டுப்போனா தோட்டமே வந்து பாக்கும், நல்லா இருந்தா ஒரு பயலும் பாக்கமாட்டான்.

வெள்ளைச் சூடு

நமுனுகுல மலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பட்டறையில நான் ஆசாரி. துருத்தி போடுறது என் பொஞ்சாதி மருதாயி. ரெண்டு இரும்பு ஒண்ணாகணும்னா செவப்பு பத்தாது, மஞ்சளும் பத்தாது. பாலாட்டம் வெளுக்கணும், மேல ரெண்டு பொறி பறக்கணும். அந்த நேரம் பாருங்க, மலையில கெடக்குற பனியும் இல்ல, மிஷின் சத்தமும் இல்ல. இரும்பு தண்ணியா மினுங்கும், நான் அதுல மெதந்துக்கிட்டுப் போவேன். ஒருநாள் ரொம்ப தூரம் மெதந்துட்டேன், ஒரு கடப்பாரையில பாதி எரிஞ்சு போச்சு. மருதாயி துருத்திய நிப்பாட்டிட்டுச் சொன்னா: "சாமி வந்தா கற்பூரத்த முழுங்குய்யா, கடப்பாரைய ஏன் முழுங்குற?"

மூணே தட்டு

அப்புறம் ஒரு மழை நாள்ல, கொழுந்து அரைக்கிற மிஷின்ல ஒரு கம்பி முறிஞ்சிருச்சு. வாடுன கொழுந்து குமிஞ்சு கெடக்கு. ரெண்டு முனையையும் சாய்வா தட்டி, மணலு தூவி, வெளுத்ததும் ஒண்ணு மேல ஒண்ண வச்சு மூணே தட்டு. ஆறுனதும் அரம் போட்டேன். கன்னத்துல வச்சுப் பாத்தா வழுவழுன்னு இருக்கு, ஒட்டுன எடம் எனக்கே தெரியல. பெரிய கங்காணி கட்டைவிரலால இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும் தடவிட்டுச் சொன்னாரு: "ஆசாரி, இதுக்குத் திருஷ்டி சுத்திப் போடு."

கறுப்புக் கோடு

சுத்திப் போடல. மறுநாளே தோட்டத்து வெள்ளைக்காரத் தொரை வந்து கம்பியத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. ஒட்டக் காணோம். சாமான் அறையில புதுக் கம்பியத் திருடி மாட்டிட்டு ஒட்டுனதாப் பொய் சொல்றேனாம். ஒட்டக் காட்டு, இல்லன்னா வேலைய விட்டு நிப்பாட்டுற பத்துச்சீட்ட வாங்கிக்கிட்டு, குடியிருக்கிற லயத்தக் காலி பண்ணுன்னுட்டாரு.

எங்கேன்னு காட்டுறது? கம்பியக் கழட்டி உலையில வச்சேன். மருதாயி துருத்தி போட்டா. கம்பி மெல்லமா செவந்துச்சு, விடியற வானம் மாதிரி. பாத்துக்கிட்டே இருக்கோம், நடுவுல சாய்வா ஒரு கறுப்புக் கோடு, தலமயிரு கனத்துக்கு, அதான் ஒட்டு. தொரை மீசை பொசுங்குற அளவுக்குக் குனிஞ்சு பாத்தாரு. ரொம்ப நேரம் நிமிரல. நிமிந்ததும் அவரோட தமிழ்ல சொன்னாரு: "ஆசாரி, ரொம்ப நல்ல வேலை. இனிமே கொஞ்சம் மோசமா செய்."

அன்னையில இருந்து தொரை சாமானுக்கெல்லாம் ஒட்டு தெரியுற மாதிரி ஒரு கட்டி விட்டுத்தான் ஒட்டுறேன், கண்ணுக்குத் தெரியாத ஒட்டெல்லாம் மருதாயி கரண்டிக்கு மட்டுந்தான்.