கால்வாய்க்குக் கீழே ஒரு வீடு

றொறன்ரோவிலிருந்து வடக்கே ஒரு மணி நேரம் காரோடி, ஒல்லாந்தர் குடியேறிய சின்னக் கிராமம் ஒன்றில் நிற்கிறோம். யாழ்ப்பாணத்தில் கோட்டையைச் சுற்றி அகழி வெட்டிய அதே சனம், இங்கே சதுப்பு நிலத்தைச் சுற்றிக் கால்வாய் வெட்டி, தண்ணீரை இறைத்து ஊராக்கியிருக்கிறது. கால்வாய்த் தண்ணீர் இன்றும் வயலைவிட உயரத்தில் நிற்கிறது. கீழே கரிய மண்ணில் கரட்டும் வெங்காயமும் விளைகின்றன.

வீடு வாங்க வந்த அத்தான் கூரையையும் பார்க்கவில்லை, கால்வாயையும் பார்க்கவில்லை.

"வாடகைக்கு விட, நிலத்துக்குக் கீழே பேஸ்மென்ற் இருக்கோ எண்டு கேள்," என்கிறார்.

ஆங்கிலத்தில் கேட்கிறேன். வீட்டுக்கார ஒல்லாந்தர் கால்வாய்க் கரையைக் காட்டிச் சிரிக்கிறார்: "இந்த ஊர் முழுக்கவே பேஸ்மென்ற்தான். மேலே தண்ணீர் குடியிருக்கிறது."

அப்படியே அத்தானுக்குச் சொல்கிறேன். அவர் முகம் மலர்கிறது.

"அப்ப, தனி வாசல் இருக்கோ எண்டும் கேள்."