கன்று பிடுங்கிய தவமணி

கன்றுகளைப் பிடுங்கியவளுக்குப் பைத்தியம் என்று தோட்டத்து லயக் குடியிருப்பு முழுக்கப் பேசுகிறீர்களே, அவள் பிடுங்கியது என்ன கன்று என்று யாராவது கேட்டீர்களா? நாம் தண்ணீர் பிடிக்கும் பீலிக் குழாய்க்கு மேலே, ஊற்றைச் சுற்றி, ஆறு காக்கும் சங்கத்துப் பெரிய மனிதர்கள் நட்ட டர்பன்டைன் கன்றுகள் அவை. நிலத்துத் தண்ணீரையெல்லாம் உறிஞ்சிக் குடிக்கிற மரம் அது. இதுகூடத் தெரியாதவர்கள்தான் ஆற்றைக் காக்கிறார்களாம். போட்டோ எடுத்து முடிந்ததும், செருப்புச் சேற்றை நம் பீலியிலேயே கழுவிவிட்டுப் போனார்கள்.

தவமணியும் அந்தச் சங்கத்தில்தான் இருந்தாள். முப்பது வருசம் தேயிலைக் கொழுந்தெடுத்தவள், மேல்மலையில் இதே மரம் வளர்ந்து ஊற்று வற்றியதைக் கண்ணால் பார்த்தவள். மறுநாளே எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டாள்.

லிந்துலை டவுனில் கூட்டம் போட்டு அவளைக் கூப்பிட்டார்கள். நானும் கூடப் போனேன். சங்கத் தலைவர் ஜனார்த்தனன், கடை முதலாளி, "மன்னிப்பு கேட்டுட்டு திரும்ப நட்டுருங்க" என்றார்.

"ஒங்க வீட்டுக் கிணத்தோரமா நட்டுப் பாருங்க, முதலாளி. தண்ணி வத்தலன்னா வந்து மன்னிப்பு கேக்குறேன்" என்றாள் தவமணி.

சங்கம் கொடுத்த பச்சைத் தொப்பியை மேசையில் வைத்துவிட்டு, கதவைத் திறந்துகொண்டு வெளியே நடந்தாள்.